தெரிஞ்சவர் ரிட்டயர் ஆனா பம்ப் ஏன் ஒழுகுது? வேலை இடத்துல யாரும் யாருக்கும் எதையும் சொல்லாதது பத்தி

பம்ப்ஹவுஸ் (இழையை ஆரம்பித்தவர்)
வெள்ளி, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். ஒரு கெமிக்கல் பிளாண்ட்ல மெக்கானிக்கல் மெயின்டெனன்ஸ் பார்க்கறேன், 11 வருஷம் ஆச்சு. கம்பெனி பேர் வேண்டாம். மூணு வாரமா ஒரு விஷயம் மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு, இங்க வேற வேற ஃபீல்டுல இருக்கறவங்க இருக்கீங்க, அதான் கேக்கறேன்.

எங்ககிட்ட தெர்மிக் ஃப்ளூயிட் லைன் ஒண்ணு இருக்கு. ஹீட்டர்ல எண்ணெயை 260 டிகிரிக்கு சூடாக்கி ரியாக்டர் ஜாக்கெட்டுக்கு அனுப்பறது. ரெண்டு பம்ப், ஏ, பி. ரெண்டையும் 20 வருஷமா ஒரே ஃபிட்டர்தான் பார்த்தாரு. போன மார்ச்ல ரிட்டயர் ஆனாரு, சால்வை போட்டு ஸ்வீட் பாக்ஸ் குடுத்து குரூப் போட்டோ எடுத்து அனுப்பி வச்சோம்.

ஜூலைல ஏ பம்ப் மெக்கானிக்கல் சீல் (சுத்தற தண்டு வழியா எண்ணெய் ஒழுகாம தடுக்கறது) மாத்தினோம். புதுசா வாங்கின லேசர் அலைன்மென்ட் கிட் வச்சு, மோட்டார் தண்டும் பம்ப் தண்டும் ஒரே கோட்டுல வர்ற மாதிரி வித்தியாசத்த ஜீரோவுக்கு கொண்டு வந்து, ரிப்போர்ட்ட பிரின்ட் எடுத்து ஃபைல்ல போட்டாச்சு. 19 நாள், சீல் லீக். மறுபடி மாத்தினோம், 16 நாள்ல பேரிங் சத்தம், சீலும் ஒழுகுது. சூடான எண்ணெய் லேகிங்ல (சூடு வெளிய போகாம சுத்தியிருக்கற உறை) ஊறி புகைய ஆரம்பிச்சிடுச்சு, ஷிப்ட் ஆபரேட்டர் பார்த்ததால தப்பிச்சோம், இல்லன்னா தீ பிடிச்சிருக்கும், அத நினைச்சா இப்பவும் கை நடுங்குது.

ரெண்டாவது தடவை மோட்டாரத் தூக்கினப்பதான் ஹெல்ப்பர் பையன் மெதுவா சொல்றான், "சார், பெரியவர் மோட்டாருக்கு அடில எப்பவும் ஒரு தகடு சேர்த்துப் போடுவாரு, ஜீரோல விடமாட்டாரு". ஸ்கிராப் டப்பாவ கவுத்து பழைய ஷிம்ம தேடி எடுத்தோம். மைக்ரோமீட்டர்ல அளந்தா 0.30 எம்எம்.

மெக்கானிக்கல்காரங்களுக்கு புரிஞ்சிருக்கும். சூடு ஏறினா பம்ப் காலோட மேல எழும்பும், மோட்டார் அந்த அளவுக்கு எழும்பாது. கால் உயரம் 250 எம்எம், சராசரியா 100 டிகிரி ஏறுதுன்னு வச்சுக்கிட்டா ஸ்டீலுக்கு கணக்கு கிட்டத்தட்ட 0.30 வருது. அதனால குளிர்ந்து இருக்கறப்ப மோட்டார அவ்வளவு தூக்கி வச்சாதான் ஓடறப்ப நேர் கோட்டுக்கு வரும். பாடத்துல இருக்கறதுதான். லேசர் கிட் கூட தெர்மல் குரோத், அதாவது சூட்டுல எழும்பறது, எவ்வளவுன்னு கேக்கத்தான் செஞ்சது, மேனுவல்ல அந்தப் பக்கமே கிழிஞ்சு போயிருந்ததால ஜீரோ போட்டுட்டோம். நான் போட்ட ஜீரோதான் அது.

இப்ப ஜி.எம் ஆர்டர் போட்டிருக்காரு. ஆளுக்கு மாசம் அஞ்சு "நாலெட்ஜ் ஆர்ட்டிகிள்" போர்ட்டல்ல ஏத்தணுமாம், ஏத்தலன்னா அப்ரைசல்ல கழிப்பாங்களாம். என் கேள்வி இதுதான். ஹெல்ப்பர் பையனுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியல, அவன் மொத தடவையே அங்கதான் நின்னுட்டு இருந்தான், ஆனா வாய திறக்கல. போர்ட்டல் வந்தா திறந்திருப்பானா?

---

ஓஎம்ஆர் நைட்ஷிப்ட்
வெள்ளி, இரவு 10:25

திறந்திருக்க மாட்டான் பாஸ். எங்ககிட்ட போர்ட்டல், விக்கி, கன்ஃப்ளூயன்ஸ், ரெக்கார்டிங் எல்லாம் இருக்கு, சாஃப்ட்வேர்ல அதுக்குப் பஞ்சமே இல்ல. ஒருத்தர் பேப்பர் போட்டா 90 நாள் நோட்டீஸ் பீரியட், அதுல கடைசி ரெண்டு வாரம் கே.டி, அதாவது தெரிஞ்சத அடுத்தவருக்கு ஒப்படைக்கறது, தினம் ரெண்டு மணி நேரம் ஸ்கிரீன் ஷேர் பண்ணி வீடியோ எடுத்து ஃபோல்டர்ல போட்டுட்டுப் போவாங்க. என் டீம்ல அப்படி 40 மணி நேர வீடியோ கிடக்கு, ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் விழுந்தா அந்த வீடியோவ யார் ஓட்டிப் பார்ப்பாங்க, போன வருஷம் போனவருக்கு வாட்ஸ்அப் கால் போட்டுத்தான் கேப்போம், அவரும் பாவம் தூக்கத்துல எந்திரிச்சு சொல்லுவாரு.

சொல்லாததுக்கு காரணம் நேரமில்லாதது இல்ல, ரெண்டு விஷயம்.

ஒண்ணு அப்ரைசல். எங்க டீம்ல எட்டு பேரு, டாப் ரேட்டிங் ஒருத்தருக்குத்தான். பக்கத்து சீட்காரனுக்கு நான் ஒரு விஷயம் கத்துக்குடுத்தா அவன் மேல போவான், நான் கீழ வருவேன். இப்படி ஒரு ஏற்பாட்ட வச்சுக்கிட்டு "டீம் ஸ்பிரிட்" போஸ்டர் ஒட்டினா யார் நம்புவா?

ரெண்டு, ஆர்.சி.ஏ கால், அதாவது எதனால விழுந்துச்சுன்னு மூல காரணம் தேடற கூட்டம். ப்ரொடக்ஷன் விழுந்த மறுநாள் 30 பேர் கால்ல இருப்பாங்க, முதல் கேள்வியே "யார் பண்ணது?". அதனால எங்க ஆர்.சி.ஏ டாக்குமென்ட் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், மனிதத் தவறு, இனி கவனமா இருப்போம். உண்மையா என்ன நடந்துச்சுன்னு டீக்கடையில மட்டும்தான் தெரியும்.

மாத்திப் பண்ண இடமும் இருக்கு. கிட்லேப்னு ஒரு கம்பெனி, 2017 ஜனவரி 31 ராத்திரி அவங்க இன்ஜினியர் ஒருத்தர் ரெண்டாவது டேட்டாபேஸ் சர்வர்னு நினைச்சு மெயின் சர்வர்லயே டைரக்டரிய அழிச்சிட்டாரு, 300 ஜிபி கிட்ட போச்சு. பேக்கப் அஞ்சு விதமா வச்சிருந்தும் ஒண்ணும் ஒழுங்கா கை குடுக்கல, கடைசில கிட்டத்தட்ட ஆறு மணி நேர டேட்டா நிரந்தரமா காலி. ஆனா அவங்க என்ன பண்ணாங்க, அப்பவே எல்லாரும் படிக்கிற மாதிரி ஒரு டாக்குமென்ட்ட திறந்து வச்சு நிமிஷத்துக்கு நிமிஷம் எழுதினாங்க, சரி பண்றத யூட்யூப்ல லைவ் போட்டாங்க, அழிச்சவர் பேருக்குப் பதிலா "டீம் மெம்பர் 1"னு எழுதினாங்க. அத படிச்சுட்டு நாங்க எங்க பேக்கப்ப அந்த வாரமே ரீஸ்டோர் பண்ணிப் பார்த்தோம், ரெண்டு வேலை செய்யல. பேர தேடாம விட்டதால உலகம் பூரா இருக்கற டீம்கள் கத்துக்கிச்சு, அதுல நாங்களும் ஒருத்தர்.

---

காண்ட்ராக்ட் ஃபிட்டர்
வெள்ளி, இரவு 11:52

நான் அதிகம் எழுதறவன் இல்லணே ஆனா இத படிச்சுட்டு தூக்கம் வரல. நான் எட்டு வருஷமா ஒரே பிளாண்ட்டுல வேலை பாக்குறேன், ஆனா என் பேர் அந்த பிளாண்ட்டு ரெஜிஸ்டர்ல இல்ல, டெண்டர் மாறும்போதெல்லாம் காண்ட்ராக்டர் மாறுவாரு, சட்டையும் கேட் பாஸும் புதுசா வரும், நான் அதே இடத்துல அதே வால்வ கழட்டிட்டு இருப்பேன், இதுவரைக்கும் நாலு காண்ட்ராக்டர் ஆச்சு. எந்த வால்வு எந்தப் பக்கம் திருகினா ஜாம் ஆகும், எந்த லைன்ல டிரெயின் அடச்சிருக்கும், எந்த ஃபிளாஞ்சுல போல்ட்டு ஒண்ணு சைஸு வேற, எல்லாம் எனக்குத் தெரியும். அடுத்த டெண்டர்ல புதுக் காண்ட்ராக்டர் என்ன எடுப்பாரா மாட்டாரான்னு தெரியாத நிலமையில எனக்கு இருக்கற ஒரே பிடி "இவன் இல்லாட்டி வேலை நிக்கும்"னு அங்க இருக்கற ஃபோர்மேன் சொல்ற அந்த ஒரு வார்த்தைதான். அத எழுதிக் குடுத்துட்டா என் பிள்ளைங்க ஸ்கூல் ஃபீஸ யார் கட்டுவா. போர்ட்டல்னு சொல்றீங்க, எனக்கு அதுக்கு பாஸ்வேர்டு கூட கெடையாது. நான் சுயநலக்காரன்னு நினைச்சுக்காதீங்க, கூட வேலை பாக்குற பசங்களுக்கு சொல்லிக் குடுத்திருக்கேன், ஆனா ஆபீசுக்கு சொல்றதுன்னா வயித்துல பயம் வருது.

---

பம்ப்ஹவுஸ்
சனி, காலை 6:15

அண்ணே, நீங்க சொன்னத மூணு தடவை படிச்சேன். எங்க ஹெல்ப்பர் பையனும் காண்ட்ராக்ட்தான். நான் யோசிக்கவே இல்ல இத.

---

குழாய்க்காரன்
சனி, காலை 10:30

நான் வளைகுடாவுல 14 வருஷம் கமிஷனிங் பார்த்துட்டு இப்ப ஊரோட வந்துட்டேன். பம்ப்ஹவுஸ் சொன்ன புகை விஷயத்த சின்னதா எடுத்துக்காதீங்க யாரும். எங்க ட்ரெய்னிங்ல பைப்பர் ஆல்ஃபா பத்தி எடுக்காத வருஷம் கிடையாது, ஏன்னா அது முழுக்க முழுக்க ஒரு ஷிப்ட்காரர் அடுத்த ஷிப்ட்காரருக்கு ஒரு வாக்கியம் சொல்லாததோட கதை.

வடகடல்ல இருந்த எண்ணெய் மேடை அது. 1988 ஜூலை 6. கண்டென்சேட் (கேஸ்ல இருந்து பிரியற திரவம்) பம்ப் ரெண்டு, ஏ, பி. பகல்ல ஏ பம்ப்ப மெயின்டெனன்சுக்கு நிறுத்தியிருந்தாங்க, அதுக்கு ஒரு பெர்மிட், அதாவது வேலை அனுமதிச் சீட்டு. அதே பம்ப்போட சேஃப்டி வால்வ டெஸ்ட் பண்ண கழட்டினாங்க, அதுக்கு வேற ஒரு பெர்மிட். சாயங்காலத்துக்குள்ள வால்வு திரும்ப மாட்டற வேலை முடியல, அந்த இடத்துல ஒரு பிளாங்க் ஃபிளாஞ்ச் (வாய மூடற தகடு) போட்டு விட்டுட்டாங்க. ராத்திரி பத்து மணி வாக்குல பி பம்ப் நின்னு போச்சு. நைட் ஷிப்ட் ஆளுங்க கைல ஏ பம்ப் பெர்மிட் இருந்துச்சு, அத பார்த்தா மெயின்டெனன்ஸ் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல, ஓட்டலாம்னு தெரியுது. வால்வு இல்லங்கற பெர்மிட் அவங்க கண்ல படல, யாரும் வாயால சொல்லவும் இல்ல. ஓட்டினாங்க. கேஸ் பிச்சுக்கிட்டு வந்துச்சு. 167 பேரு செத்தாங்க.

அத விசாரிச்ச லார்ட் கல்லன் கமிஷன் 1990ல அறிக்கை குடுத்தது, 106 பரிந்துரை. அதுக்கப்புறம்தான் கடல் மேடைகள்ல பெர்மிட், ஹேண்ட்ஓவர் எல்லாத்தையும் உலகம் பூரா திருப்பிப் பார்த்தாங்க. யாரும் திட்டம் போட்டு மறைக்கல பாருங்க. பேப்பர் இருந்தது, சிஸ்டம் இருந்தது, கையெழுத்து இருந்தது. எல்லாருக்கும் வேலை முடிஞ்சு கிளம்பற அவசரம், பேப்பர் பேசிக்கும்னு ஒரு நம்பிக்கை, அது அங்க பழக்கமாவே ஆகிப் போச்சு.

நான் பார்த்த ஒரு நல்ல பழக்கத்த சொல்றேன். ஒரு சைட்ல எங்க சூப்பர்வைசர், பிலிப்பைன்ஸ்காரர், ஹேண்ட்ஓவர கண்ட்ரோல் ரூம்ல பண்ணவே விடமாட்டாரு. போறவரும் வர்றவரும் சேர்ந்து 15 நிமிஷம் பிளாண்ட்டுக்குள்ள நடக்கணும். நடக்கறப்ப போறவர் எதையாவது கையால தொட்டுக் காட்டணும், இந்த வால்வு கழட்டியிருக்கு, இந்த கேஜ் பொய் சொல்லுது, இங்க கால் வச்சா வழுக்கும். வர்றவர் அத தன் வாயால திருப்பி சொல்லணும். அப்புறம்தான் லாக் புக்ல கையெழுத்து. லாக் புக்ல ஒருநாளும் எழுத வராத விஷயங்கள் நடக்கறப்ப தானா வரும். அந்த 15 நிமிஷத்துக்கு ரெண்டு பேருக்கும் ஓவர்டைம் குடுத்தாங்க, அதையும் சொல்லணும். காசு குடுக்காம நடக்கச் சொல்லியிருந்தா ரெண்டு நாள் நடந்திருப்பாங்க.

---

ட்ரெயினி 2023
சனி, மதியம் 1:10

சார் நான் புதுசு, ரெண்டு வருஷம்தான். எங்க பிளாண்ட் லாக் புக்ல எல்லா ஷிப்ட்லயும் "அனைத்தும் நார்மல்"னு இருக்கும். ஒரு தடவை நான் கம்ப்ரஸர்ல வைப்ரேஷன் வழக்கத்த விட அதிகமா இருக்குன்னு எழுதினேன். மறுநாள் மீட்டிங்ல என்ன எழுப்பி நிக்க வச்சு, எவ்வளவு அதிகம், எந்த மீட்டர்ல எடுத்த, யார்கிட்ட கேட்டு எழுதினன்னு எல்லார் முன்னாடியும் கேட்டாங்க. கையால தொட்டுப் பார்த்தேன்னு சொன்னேன், சிரிச்சாங்க. அதுக்கப்புறம் நானும் நார்மல்னுதான் எழுதறேன். அந்த கம்ப்ரஸர் கிட்ட போறப்பல்லாம் காதை வச்சு கேப்பேன், ஆனா எழுத மாட்டேன்.

---

குழாய்க்காரன்
சனி, மதியம் 1:35

தம்பி, கையால தொட்டது சரிதான். நல்ல ஆபரேட்டர் எல்லாரும் மொதல்ல கையாலதான் பார்ப்பாங்க. திங்கள்கிழமை கண்டிஷன் மானிட்டரிங் (மெஷின் அதிர்வ மீட்டர் வச்சு அளக்கற) ஆள்கிட்ட போய் தனியா சொல்லி ஒரு ரீடிங் எடுக்கச் சொல்லு. லாக்ல "தொட்டுப் பார்த்ததில் அதிர்வு கூடியுள்ளது, ரீடிங் எடுக்கவும்"னு எழுது. அதுல தப்பு சொல்ல யாருக்கும் இடமில்ல. விட்டுடாத.

---

மண்ணும் கம்பியும்
சனி, மாலை 4:48

நான் சிவில், மேம்பால வேலை, சைட் இன்ஜினியர். இங்க யாரும் சொல்லாத ஒண்ண சொல்றேன், மொழி.

எங்க வார மீட்டிங் முழுக்க இங்கிலீஷ்ல நடக்கும். கன்சல்டன்ட் வருவாங்க, கிளையன்ட் வருவாங்க, ஸ்லைடு ஓடும். பைலிங் ரிக் (பைல், அதாவது அஸ்திவாரத் தூணுக்கு குழி போடற மெஷின்) ஓட்டற ஆபரேட்டர், கம்பி கட்டற மேஸ்திரி, ரெண்டு பேரும் பின்னாடி சுவர் ஓரமா நிப்பாங்க. மண்ணு எங்க மாறுதுன்னு அவங்களுக்குத்தான் தெரியும், ஏன்னா டிரில் கீழ போறப்ப சத்தம் மாறுறத கேக்கறது ஆபரேட்டர்தான். ஒரு இடத்துல போர் லாக்ல (முன்னாடியே மண்ணத் தோண்டிப் பார்த்த குறிப்பு) களிமண்ணுன்னு போட்டிருந்துச்சு, 9 மீட்டர்ல இருந்து 12 மீட்டர் வரைக்கும். ஆபரேட்டர் எங்கிட்ட வந்து "மேடம், அங்க மணல் வருது, லைனர் (குழிக்குள்ள இறக்கற இரும்புக் குழாய்) இல்லாம போனா சரியும்"னு சொன்னாரு. நீங்க மீட்டிங்ல சொல்லுங்கண்ணேன்னேன். "இங்கிலீஷ்ல என்னன்னு மேடம் சொல்றது"ன்னாரு. நான் எழுந்து சொன்னேன், எங்கிட்ட டேட்டா கேட்டாங்க, டேட்டா அவர் காதுல இருக்கு, அத எப்படிக் காட்டறது. ரெண்டு நாள் கழிச்சு அந்தக் குழி சரிஞ்சது, யாருக்கும் அடியில்ல, ஆனா ஒரு வாரம் போச்சு.

அதுக்கப்புறம் நான் ஒண்ணு ஆரம்பிச்சேன். பைல் ஒவ்வொண்ணு முடிஞ்சதும் ஆபரேட்டர் தமிழ்ல ஒரு நிமிஷம் வாட்ஸ்அப் வாய்ஸ் நோட் போடணும், எந்த ஆழத்துல என்ன வந்துச்சுன்னு. ஒடிசா பசங்க அவங்க மொழியிலயே போடுவாங்க, அவங்க சூப்பர்வைசர் கேட்டு சொல்லுவாரு. ராத்திரி நான் உக்காந்து ஷீட்ல ஏத்துவேன். இதுவரைக்கும் 60 பைலுக்கு மேல ஆச்சு. போர் லாக்குக்கும் நெஜ மண்ணுக்கும் எங்கெங்க ஒத்துவரலன்னு ஒரு படமே கிடைச்சிருக்கு. அதப் பார்த்துட்டு டிசைனர் ஆபீஸ்ல இருந்து ஆபரேட்டருக்கே நேரா போன் பண்ணிப் பேசினாரு. அன்னைக்கு ஆபரேட்டர் முகத்த நீங்க பார்த்திருக்கணும், சாயங்காலம் வரைக்கும் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருந்தாரு.

தெரிஞ்சவன் பேசற மொழி வேற, ஃபார்ம் இருக்கற மொழி வேறன்னா அந்த ஃபார்ம்ல எதுவும் வராது. இத "பகிர்ந்துக்க மாட்டேங்கறாங்க"ன்னு சொல்றது அநியாயம்.

---

மணல்பெட்டி
சனி, இரவு 8:20

கோயமுத்தூருங்க நானு, சின்ன ஃபவுண்ட்ரி, பம்ப் கேசிங் ஊத்தறோம். எல்லாரும் பயம், மரியாதைன்னு பேசறீங்க, சரிதானுங்க, ஆனா காசப் பத்தி குழாய்க்காரர் அண்ணன் ஒரு வரி சொன்னாரு, அதுதான் எனக்கு முக்கியமா படுது.

மோல்டிங் வேலைல, அதாவது பெட்டில மணல் அச்சு போடறதுல, மணல் பதம்னு ஒண்ணு இருக்குதுங்க. டெஸ்ட் மெஷின் இருக்குது, ஈரம் எத்தன சதவீதம்னு காட்டும். ஆனா பழைய மோல்டர் ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கி, ரெண்டா ஒடச்சுப் பார்ப்பாரு, ஒடஞ்ச ஓரம் கூர்மையா நிக்கோணும், கையில ஒட்டக் கூடாது. அத ஒரு பையன் கத்துக்க ஆறு மாசம் பக்கத்துல நிக்கோணும். எங்கப்பா காலத்துல இருந்து மோல்டருக்கு பெட்டி கணக்குல கூலி. அப்ப ஒரு பையனுக்கு சொல்லிக் குடுக்கற நேரத்துல அவருக்கு நாலு பெட்டி கம்மி, நாலு பெட்டி காசு போச்சு. சொல்லிக் குடுன்னு நான் எத்தன தடவ சொன்னாலும் எப்படிங்க நடக்கும்? நான் அவர்கிட்ட இருந்து காச புடுங்கிட்டு கத்துக்குடுன்னு கேக்கறேன்னுதானுங்க அர்த்தம்.

மூணு வருஷம் முன்னாடி மாத்தினேன். யார் பையன பக்கத்துல வச்சுக்கறாரோ அவருக்கு அன்னைக்கு சராசரி பெட்டிக் கணக்க முழுசா போட்டுருவேன், போட்டது கம்மியா இருந்தாலும். பையன் தனியா ஊத்தின முதல் நூறு பெட்டில ரிஜெக்ட் குறைவா இருந்தா ரெண்டு பேருக்கும் போனஸ். இப்ப ரெண்டு பெரியவங்க அவங்களா பையனக் கேக்கறாங்க. ஒரு பையன் கத்துக்கிட்டு பக்கத்து ஃபவுண்ட்ரிக்கு போயிட்டான், வருத்தந்தானுங்க, ஆனா அதுக்காக நிறுத்தல.

---

ஓஎம்ஆர் நைட்ஷிப்ட்
சனி, இரவு 9:05

மணல்பெட்டி அண்ணா, நீங்க பண்ணது அருமை, ஆனா காசுலயே எல்லாம் முடியும்னு எனக்குத் தோணல. ஜெராக்ஸ் கம்பெனி விஷயம் தெரியுமா? 1980கள்ல அவங்க ரிப்பேர் டெக்னீஷியன்கள் எப்படி வேலை செய்யறாங்கன்னு பார்க்க ஜூலியன் ஆர்னு ஒரு மானிடவியல் ஆராய்ச்சியாளர் கூடவே போனாரு. கம்பெனி நினைச்சது, மேனுவலப் பார்த்து மெஷின சரி பண்றாங்கன்னு. உண்மைல நடந்தது, காலைல ஒண்ணா உக்காந்து காபி குடிக்கறப்ப நேத்து அந்த மெஷின் என்ன பண்ணுச்சுன்னு கதை சொல்லிக்கறாங்க, மேனுவல்ல இல்லாத சிக்கல் எல்லாம் அந்தக் கதைகள்லதான் தீருது.

அப்புறம் 90கள்ல யுரேகான்னு ஒரு சிஸ்டம் கொண்டு வந்தாங்க, டெக்னீஷியன்களே டிப்ஸ் எழுத. அது நல்லா ஓடினதுக்கு காரணம், டிப் சரியா தப்பான்னு பார்க்கறது மேனேஜர் இல்ல, இன்னொரு டெக்னீஷியன். எழுதினவர் பேர் டிப் கூடவே வரும். காசு குடுக்கலாமான்னு பேச்சு வந்தப்ப பேர் போடறதே போதும்னு விட்டாங்க. ஆக அதுவும் போர்ட்டல்தான் பம்ப்ஹவுஸ், ஆனா வேலை செய்யறவங்களோட போர்ட்டல். உங்க ஜி.எம் கேக்கறது எண்ணிக்கை, மாசம் அஞ்சு.

---

மணல்பெட்டி
சனி, இரவு 9:30

அவங்க மாசச் சம்பளக்காரங்க தம்பி. அடுத்த வேளை சோத்துக்கு பெட்டி எண்ணிட்டு இருக்கறவருக்கு மொதல்ல காசுதான், அப்புறம்தான் பேரு. காண்ட்ராக்ட் ஃபிட்டர் தம்பி எழுதினத இன்னொருக்கா படிங்க.

---

ஓஎம்ஆர் நைட்ஷிப்ட்
சனி, இரவு 9:41

படிச்சேன் அண்ணா. நீங்க சொல்றது சரி, ஒத்துக்கறேன்.

---

ஆடிட் ஃபைல்
ஞாயிறு, காலை 11:00

நான் குவாலிட்டி. இந்த மாதிரி போர்ட்டல் ஆர்டர் எங்கிருந்து வருதுன்னு சொல்லிடறேன், ஏன்னா அத போடறவங்க எல்லாரும் கெட்டவங்க இல்ல. ஐ.எஸ்.ஓ 9001ங்கற தர நிர்வாகத் தரநிலைல, 2015 பதிப்புல 7.1.6னு ஒரு பிரிவு வந்துச்சு, நிறுவனத்தோட அறிவு பத்தி. வேலைக்குத் தேவையான அறிவு எதுன்னு கண்டுபிடிச்சு, காப்பாத்தி, தேவைப்படறவங்களுக்கு கிடைக்கற மாதிரி வைக்கணும்னு சொல்லுது. எப்படின்னு சொல்லல. ஆடிட்டர் வந்தா காட்ட ஏதாவது வேணும், கண்ணுக்குத் தெரியறது எண்ணிக்கைதான், அதனால மாசம் அஞ்சுன்னு வந்துடுது. நானே அப்படி ஒரு ஆர்டர் டிராஃப்ட் பண்ணியிருக்கேன், இன்னைக்கு இத படிச்சப்ப அது தப்புன்னு புரியுது.

நியர் மிஸ் (விபத்து ஆகாம நூலிழைல தப்பிச்சது) ரிப்போர்ட்டும் அப்படித்தான். பூஜ்யம் வந்தா கேக் வெட்டறாங்க. எமி எட்மண்ட்சன்னு ஹார்வர்டு ஆராய்ச்சியாளர், 1990கள்ல ஆஸ்பத்திரில மருந்து குடுக்கறதுல நடக்கற தப்புகள ஆராய்ஞ்சாங்க. நல்ல டீம்ல தப்பு கம்மியா இருக்கும்னு எதிர்பார்த்தா, நல்ல டீம்லதான் ரிப்போர்ட் ஆன தப்பு அதிகமா இருந்துச்சு. அங்கதான் பயமில்லாம சொல்ல முடிஞ்சதுங்கறது அவங்க போய் சேர்ந்த இடம். நான் இப்ப எந்த டிபார்ட்மென்ட்ல பூஜ்யம் வருதோ அங்கதான் மொதல்ல போய் நிக்கறேன்.

ஆனா எழுதறதே வேண்டாம்னு யாரும் போயிடாதீங்க. நடந்துட்டே வாயால சொல்றது அருமைதான், ஆனா அந்த ரெண்டு பேரும் ஒரே வருஷம் ரிட்டயர் ஆனா? 0.30ங்கற நம்பர் ஒரு இடத்துல எழுதியிருந்தா போதும், பம்ப்ஹவுஸ் 35 நாள் கஷ்டப்பட்டிருக்க மாட்டாரு.

---

பம்ப்ஹவுஸ்
ஞாயிறு, மாலை 5:30

ஆடிட் ஃபைல் சார், எழுதித்தான் இருந்துச்சு. எங்கன்னு சொல்றேன்.

காலைல பெரியவர் வீட்டுக்குப் போனேன். பஸ்ல ஒரு மணி நேரம், வீட்டுக்கு முன்னாடி வேப்ப மரம், கயித்துக் கட்டில்ல உக்காந்திருந்தாரு. என்னைப் பார்த்ததும் அவரே கேட்டாரு, "ஏ பம்ப் சீல் போச்சா?". எப்படித் தெரியும்ணேன்னேன். "நீங்க ஞாயித்துக்கிழமை வேற எதுக்கு வரப் போறீங்க"ன்னு சொல்லிட்டு, காபி போடச் சொன்னாரு.

உள்ள போய் ஒரு பாக்கெட் டைரி எடுத்துட்டு வந்தாரு, எல்.ஐ.சி ஏஜென்ட் குடுக்கற மாதிரி சின்னது, கிரீஸ் பட்டு பக்கமெல்லாம் பழுப்பா. ஒவ்வொரு பம்ப்புக்கும் ஒரு பக்கம். ஏ பம்ப் பக்கத்துல 0.30, அதுக்குக் கீழ தேதி, அடுத்த தடவை கழட்டினப்ப 0.30, இன்னொரு தேதி, ஒரு தடவை 0.35 போட்டுப் பார்த்து அத அடிச்சு "வேண்டாம், பேரிங் சூடு"ன்னு எழுதியிருக்காரு. இருபது வருஷ கணக்கு அதுல இருக்கு. எனக்கு தொண்டை அடச்சுடுச்சு.

ஏண்ணே யார்கிட்டயும் குடுக்காமப் போனீங்கன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னாரு. 2012ல, நான் சேர்றதுக்கு முன்னாடி, புதுசா வந்த இன்ஜினியர் ஒருத்தர் மேனுவல் படி டயல் கேஜ்ல ஜீரோ வைக்கச் சொல்லியிருக்காரு. இவர் மாட்டேன், தூக்கி வைக்கணும்னு சொல்லியிருக்காரு. "நீ சொல்லி நான் ஷிம் போடணுமா"ன்னு பேச்சு முத்தி, அதிகாரி சொன்னத கேக்கலன்னு இவருக்கு மெமோ குடுத்துட்டாங்க. அந்த வருஷம் இன்கிரிமென்ட் கட். பம்ப் ஜீரோல ஓடி ஒரு மாசத்துல சீல் போச்சு, இவர் ராத்திரி ஷிப்ட்ல தனியா தகடு போட்டு சரி பண்ணிட்டாரு. யாரும் வந்து கேக்கல, மெமோவும் திரும்பப் போகல. "அன்னையிலேர்ந்து எனக்குத் தெரிஞ்சத நான் செஞ்சேன் தம்பி, ஆனா வாயால சொல்றத விட்டுட்டேன். பக்கத்துல நின்ன பையன் பார்த்துக்கிட்டான், அவனுக்கும் சொல்லாதேன்னுதான் சொல்லி வச்சேன், அவன் காண்ட்ராக்ட், அவனுக்கு மெமோ கூட குடுக்க மாட்டாங்க, நேரா கேட் பாஸ வாங்கிடுவாங்க."

அதான் பையன் வாய திறக்கல. அவனக் காப்பாத்தத்தான் அவர் அப்படி சொல்லியிருக்காரு.

கிளம்பறப்ப டைரிய என் கைல குடுத்துட்டாரு. போட்டோ எடுத்துக்கறேன் போதும்ணேன்னேன், இல்ல வச்சுக்கோங்கன்னாரு. ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. அந்த மெமோ இன்னும் அவர் ஃபைல்ல இருக்குமா, அத எடுக்க முடியுமான்னு. பென்ஷனுக்கோ பி.எஃப்புக்கோ அதனால ஒண்ணும் இல்லண்ணே, எல்லாம் செட்டில் ஆயிடுச்சேன்னேன். "அதுக்கில்ல தம்பி, நான் சொன்னது சரிதானே"ன்னாரு.

நாளைக்குக் காலைல ஜி.எம்ம பார்க்கறேன். டைரியும் அந்த ரெண்டு லேசர் ரிப்போர்ட்டும் எடுத்துட்டுப் போறேன். மெமோவ வாபஸ் வாங்கணும்னு எழுத்துல கேக்கப் போறேன், ஜீரோ போட்டது நான்தான்னும் அதுலயே எழுதப் போறேன். அதுக்கப்புறம் போர்ட்டல் பத்திப் பேசலாம்.

---

மண்ணும் கம்பியும்
ஞாயிறு, மாலை 6:02

அவர அழைச்சுட்டே போங்க சார். முடிஞ்சா அந்தப் பையனையும் கூட வச்சுக்கோங்க.

---

பம்ப்ஹவுஸ்
திங்கள், இரவு 8:50

ஒரு மணி நேரம் பேசினேன். மெமோ விஷயம் ஹெச்.ஆர்க்கு அனுப்பியிருக்காரு, இன்னும் பதில் வரல. மாசம் அஞ்சுங்கறத இப்போதைக்கு நிறுத்தி வச்சிருக்காரு. பெரியவர மாசத்துக்கு நாலு நாள் சம்பளத்தோட கூப்பிட ஒத்துக்கிட்டாரு, பம்ப் பம்ப்பா எங்க கூட நடக்க. ஹெல்ப்பர் பையன் பேரையும் அந்த லிஸ்ட்ல போட்டாச்சு, அடுத்த டெண்டர்ல காண்ட்ராக்டர் மாறினாலும் அவன எடுக்கணும்னு கண்டிஷன் சேர்க்கலாமான்னு கேட்டிருக்கேன், அதுக்கு பதில் சொல்லல. விடமாட்டேன்.

---

காண்ட்ராக்ட் ஃபிட்டர்
திங்கள், இரவு 10:15

சந்தோஷம்ணே. அந்த டெண்டர் கண்டிஷன் வந்தா இங்க கண்டிப்பா எழுதுங்க, எங்க பக்கம் கேக்க எனக்கும் ஒரு தைரியம் வரும். ஒரு விஷயம் கேக்கணும், எங்ககிட்டயும் இதே மாதிரி சூடு எண்ணெய் பம்ப் ஒண்ணு இருக்கு, வர்ற வாரம் சீல் மாத்தறோம், நாங்களும் 0.30 போட்டுடலாமா?

---

பம்ப்ஹவுஸ்
திங்கள், இரவு 10:22

போட்டுடாதீங்கண்ணே! டைரில பாருங்க, எங்க பி பம்ப்புக்கே 0.22தான் எழுதியிருக்காரு, அது ஏ பம்ப்புக்குப் பக்கத்துலயே நிக்குது, அதே மாடல். சக்ஷன் லைன் சப்போர்ட் வேற மாதிரி இருக்கறதால கால் அவ்வளவு எழும்பாதுன்னு ஓரத்துல குறிச்சிருக்காரு. உங்க பம்ப் கால் உயரம், ஓடறப்ப கால்ல என்ன சூடு வருதுன்னு ரெண்டையும் அளந்து அனுப்புங்க. புதன்கிழமை பெரியவர் வர்றாரு, கேட்டு சொல்றேன்.